ஓரகத்தி வேலிப் பூ

செஞ்சியிலிருந்து அனந்தபுரம் போகும் பஸ்ஸில், எனக்கு முன்சீட்டில் இரண்டு பெண்கள்.

"அந்தப் பூவு அவ வேலிக்கு அழகு, என் வீட்டுக்கு எமன்," என்றாள் ஜன்னலோரம் இருந்தவள்.

"யாரடி சொல்ற?"

"என் ஓரகத்தியத்தான். கோட்டை பாக்க வர்றவங்க அவ வேலியில பூத்த கண்வலிக்கிழங்குப் பூவ நின்னு போட்டோ புடிக்கிறாங்க. எனக்கு வயிறு எரிஞ்சிது. அவ இல்லாதப்போ ஒரு கிழங்க தோண்டியாந்துட்டேன். நடுறதுக்குள்ள என் ஆடு அத தின்னுட்டு செத்துப்போச்சிக்கா."

"ஐயோ! அதுல இலை, கிழங்கு எல்லாமே விஷமாச்சே. அவகிட்ட சொன்னியா?"

"திருடிட்டு எப்டிச் சொல்றது? அவ ஆடுங்க தெனம் அந்த வேலியோரந்தான் மேயுது. ஒண்ணுகூட அத மோந்து பாக்கல. ஆடுகூட அவளுக்குத்தான் புத்தியோட வாய்க்குது!"