வலையை எடுக்கச் சொன்னது யார்

பேஸ்பால் பந்து கிரிக்கெட் பந்தைவிடக் கொஞ்சம் லேசானது. ஊரிலிருந்து வருகிற யாரும் இதை நம்புவதில்லை. இரண்டையும் கையில் கொடுப்பேன். தூக்கிப் பார்த்துவிட்டு, "அட, ஆமாங்க" என்பார்கள். எனக்கு அந்த நிமிடம் ரொம்பப் பிடிக்கும். நாம் சொல்லி நம்பாத ஒருவர் தன் கையாலேயே அறிந்து ஒப்புக்கொள்வதில் ஒரு நிறைவு இருக்கிறது.

நான் ஈரோட்டுக்காரன். பெயர் ஜெயபிரகாஷ், இங்கே ஜேபி. 1990-ல் மெக்கானிக்கல் மேற்படிப்புக்காக டெக்சாஸ் வந்தேன். ஊரில் கல்லூரி அணிக்குப் பந்து வீசியவன் என்பதால், பந்தெறியும் கையின் அசைவையே ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டேன். படிப்பு முடிந்ததும் ஒரு சிறிய கல்லூரியில் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை கிடைத்தது. நானும் என் மனைவி ஸ்வர்ணாவும் டல்லாஸ் பக்கத்தில் இர்விங்கில் அபார்ட்மென்ட் எடுத்துக் குடியேறினோம். வேலை முடிந்த மாலைகளில் வேகமாகப் படமெடுக்கும் கேமராவைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்குப் போய்விடுவேன்.

பிட்சர் என்பவன் நம் பௌலர் மாதிரிதான். ஆனால் ஓடி வரமாட்டான், ஒரு மண்மேட்டின் மேல் நின்ற இடத்திலிருந்தே எறிவான். பிட்சர்களைப் பழக்குவதற்கென்றே அணியில் தனியாக ஒரு கோச் உண்டு. எங்கள் கல்லூரியில் அது ஹாலிஸ். அறுபதை நெருங்கியவர், வெயிலில் கழுத்து வெந்து சிவந்திருக்கும். சூரியகாந்தி விதை மென்றபடியே இருப்பார். மற்றவர்கள் தோலைத் தரையில் துப்புவார்கள். அவர் காகிதக் கோப்பையில் சேர்த்துக் குப்பையில் போடுவார். தலைமைக் கோச்சுக்கு என்னையும் கேமராவையும் கண்டாலே ஆகாது. "அவன் என் ஆள்" என்று ஹாலிஸ் ஒரு வார்த்தை சொன்ன பிறகு யாரும் என்னைத் தடுக்கவில்லை. ஐந்து வருஷம் அவர் பக்கத்தில் நின்றேன். தெரிந்ததையெல்லாம் சொல்லிக் கொடுத்தார். எதையும் மறைத்ததில்லை.

அவர் குரலை உயர்த்துகிற விஷயம் ஒன்றே ஒன்று. பயிற்சியில் பிட்சர் எறிய, எங்கள் பையன்களே அடிப்பார்கள். அலுமினிய மட்டையில் பட்ட பந்து எறிந்தவன் மேலேயே குண்டு மாதிரி திரும்பி வரும். அதனால் பிட்சருக்கு முன்னால், கை போகுமளவு மட்டும் இடம் விட்டு, இரும்புச் சட்டத்தில் கட்டிய ஒரு வலை நிற்கும். ஸ்க்ரீன் என்பார்கள். வலை இல்லாமல் ஒரு பந்துகூட எறியக் கூடாது என்பது ஹாலிஸின் சட்டம். இளம் வயதில் எங்கோ எதையோ பார்த்திருக்கிறார். கேட்டால் சொல்லமாட்டார்.

1996-ல் க்ரிஷ் பிட்சராக அணிக்கு வந்தான். ஆலன் என்ற பக்கத்து ஊரில் இருக்கும் கஸ்தூரிரங்கன் சாரின் மகன். இங்கேயே பிறந்தவன், நெடுநெடுவென்று உயரம், நல்ல வலது கை. அவர்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு எனக்கும் ஸ்வர்ணாவுக்கும் வழக்கமாகிவிட்டது.

"பால் த்ரோ பண்றதுக்கு ஒரு கோச்சான்னு நான் சிரிச்சிருக்கேன், ஜேபி," என்பார் சார். "இப்ப ஆபீஸ்ல மீட்டிங் நடுவுல ஸ்கோர் செக் பண்றேன்."

"நீங்க அங்க இருக்கேள்ங்கற தைரியம்தான்," என்பார் அனந்தலக்ஷ்மி மாமி, என் தட்டில் இன்னொரு கரண்டி ரசம் விட்டபடி. "இல்லேன்னா இவனை விட்டிருப்போமா?"

அந்த வார்த்தை எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இப்போதும் அதை நினைத்துக்கொள்வதுண்டு.

இரண்டாம் வருஷம் ஹாலிஸ் க்ரிஷின் எறியும் முறையை மாற்றினார். வேகம் கூடியது. ஆனால் எறிந்து முடித்ததும் அவன் உடம்பு இடதுபக்கம் சாய்ந்து விழும், கிளவுஸ் மாட்டிய கை முதுகுக்குப் பின்னால் போய்விடும், முகம் திறந்து கிடக்கும். படத்தைப் பிரித்துப் பிரித்துக் கணக்குப் போட்டேன். பந்து நேராகத் திரும்பி வந்தால் கிளவுஸ் முகத்துக்கு வந்து சேருமுன் பந்து வந்துவிடும். இதில் சந்தேகத்துக்கே இடமில்லை.

ஹாலிஸிடம் காட்டினேன். பொறுமையாகப் பார்த்தார். "நல்ல வேலை, டாக்," என்றார். நான் டாக்டர் பட்டம் முடிக்கவில்லை, இருந்தும் அப்படித்தான் கூப்பிடுவார். "வேகம் நிலைக்கட்டும். அதுவரை மேட்சில் இறக்க மாட்டேன். பயிற்சியில் வலை இருக்கிறதே." முதுகில் தட்டிவிட்டுப் போனார்.

வாதம் செய்திருந்தால் எனக்கு வருத்தமில்லை. தட்டினார். மறுநாள் கூட்டத்தில் தலைமைக் கோச், "கிரிக்கெட்காரர் நம் பிட்சரைக் கம்ப்யூட்டரிலேயே கொன்றுவிட்டாராமே" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ஹாலிஸும் சிரித்தார். கெட்ட சிரிப்பில்லை அது. ஆனாலும் சிரித்தார்.

எனக்குத் தேவைப்பட்டது ஆதாரம். கணக்கில் இருப்பதைக் கண்ணால் காட்டுகிற ஒரு படம். அவ்வளவுதான்.

1998 பிப்ரவரி. ஹாலிஸின் மனைவி ஆஸ்பத்திரியில் டெஸ்ட் எடுத்துக்கொண்டிருந்த வாரம் அது. மாலைப் பயிற்சியின் நடுவே அவருக்கு ஃபோன் வந்திருப்பதாக ஆள் வந்து சொன்னான். அவர் ஆபீஸ் அறைக்கு ஓடினார். நான் க்ரிஷிடம் போனேன்.

"ஸ்க்ரீன் கேமராவ மறைக்குது க்ரிஷ். கொஞ்ச நேரம் நகத்திரலாமா?"

"இஸ் கோச் ஓகே வித் இட், அங்கிள்?"

"கேட்டுட்டேன். ஓகேன்னுட்டார்."

"கூல்," என்றான். அவனே ஒரு பக்கம் பிடித்து இழுத்தான். நான் ஹாலிஸிடம் கேட்கவேயில்லை. அவர் ஓகே சொல்லவுமில்லை.

மட்டையோடு எதிரில் நின்றவன் மேசன் என்கிற பெரிய உடம்புக்காரப் பையன். சில பந்துகளுக்குப் பிறகு ஒன்று நேராக வந்தது. க்ரிஷின் இடது பொட்டில் பட்டது. சத்தம் அதிகமில்லை. அவன் மண்டியிட்டான், பிறகு பக்கவாட்டில் சாய்ந்தான்.

உயிர் போகவில்லை. மூன்று வாரம் கழித்துக் கண் திறந்தான். வலது பக்கம் விளங்கவில்லை, பேச்சும் போயிற்று. பிறகு மெல்லச் சில வார்த்தைகள் வந்தன. அந்த மாலை மட்டும் அவன் நினைவிலிருந்து துடைத்துப் போயிருந்தது. இனி வராது என்றார்கள்.

விசாரணையில், வலையை எடுக்கச் சொன்னது யார் என்று கேட்டார்கள். "கோச் ஹாலிஸ்" என்றேன். மேசனும் அதையே சொன்னான். பாவம், அவன் பொய் சொல்லவில்லை. கோச் ஓகே சொல்லிவிட்டார் என்று நான் க்ரிஷிடம் சொன்னது அவன் காதில் விழுந்திருந்தது.

அன்று சாயங்காலம் பார்க்கிங்கில் ஹாலிஸ் தன் ட்ரக்குக்குள் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் கண்ணாடியை இறக்கினார். சண்டைக்கு வருவார் என்று நினைத்தேன்.

"ஜேபி, நான் நிஜமாகவே அப்படிச் சொன்னேனா?"

முதல்முறையாக என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

"ஃபோனுக்குப் போகிற அவசரத்தில் இருந்தீர்கள் கோச்," என்றேன். "நான் கேட்டேன். சரி, எடுத்துக்கொள் என்றீர்கள்."

அவர் ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தார். "அந்த வாரம் என் தலை என்னிடமே இல்லை," என்றார். பிறகு, "சொல்லியிருப்பேன்" என்றார்.

அதோடு அவர் அதை நம்பிவிட்டார். நான் அவரை வற்புறுத்தவில்லை என்பதைக் கவனியுங்கள். மறுநாள் ராஜினாமா செய்தார். சீசன் நடுவில் வேறு யாரைத் தேடுவது? பிட்சர்களை எனக்குத் தெரியும், அவர்களுக்கும் என்னைத் தெரியும். அந்த வேலை எனக்கு வந்தது. கிரீன் கார்டும் அதன் வழியாகவே வந்தது. மூன்று சீசன் நன்றாகவே நடத்தினேன். என் காலத்தில் ஒரு பையனுக்குக்கூடக் காயமில்லை.

ஹாலிஸ் ஒவ்வொரு சனிக்கிழமையும் ஆலனுக்குப் போனார். முதல் சில வாரம் சார் கதவைத் திறக்கவில்லை. அவர் வெளியே ட்ரக்கிலேயே இருந்துவிட்டுத் திரும்பினார். ஒரு நாள் மழையில் மாமி குடையோடு போய் அழைத்து வந்தார். அதன்பின் ஹாலிஸ்தான் க்ரிஷுக்கு ஷேவ் செய்துவிடுவது, கையை மடக்கி நீட்டிப் பழக்குவது, இடது கையால் ஸ்பூன் பிடிக்கச் சொல்லித் தருவது. க்ரிஷுக்குத் திரும்பி வந்த முதல் வார்த்தைகளில் ஒன்று "கோச்."

நானும் போவேன். ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டு நேரத்துக்கு. மாமி முன்போலவே ரசம் ஊற்றுவார்.

ஸ்வர்ணாவிடம் ஒரு நாள் வலை விஷயத்தைச் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. கணவன் மனைவிக்குள் ஒளிவு மறைவு கூடாது என்று நினைத்திருக்கலாம். அவள் எங்கள் மகள் கயலுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். கை அப்படியே நின்றுவிட்டது. குழந்தையை உள்ளே போகச் சொன்னாள்.

"அந்த ஊட்டுல போயி எப்படீங்க சோறு திங்கறீங்க?"

"போகலேன்னா என்ன நினைப்பாங்க?"

"அந்தப் பெரிய மனுசன் வாரா வாரம் போயி அந்தப் பையனுக்குச் செரைச்சு உடறாருங்க. தான் செஞ்சதுன்னு நெனச்சுட்டு. போயிச் சொல்லிப்போடுங்க."

"சொன்னா க்ரிஷ் எந்திரிச்சு நடந்துருவானா?" என்று கேட்டேன். நியாயமான கேள்வி அது. அடுத்த மாதம் கயலைக் கூட்டிக்கொண்டு கலிஃபோர்னியாவில், சான் ரமோனில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். இப்போது இதை மறுபடி விசாரிக்கிற உங்களுக்கு ஃபோன் செய்தவளும் அவள்தான் என்று எனக்குத் தெரியும். அவள்மேல் எனக்குக் கோபமில்லை.

இந்த வருஷம் மே மாதம், ஏரிக்கரையில் தன் ட்ரக்குக்குள்ளேயே ஹாலிஸ் இறந்து கிடந்தார். மாரடைப்பு என்றார்கள். இருதயத்துக்குச் சாப்பிட வேண்டிய மாத்திரைகளை நிறுத்தி மாதக்கணக்கில் ஆகியிருந்ததாம். மனைவி முந்தின வருஷமே போய்விட்டதால் அதைக் கவனிக்க வீட்டில் ஆளில்லை.

அடக்கம் முடிந்து சாரோடு காருக்கு நடந்து வந்தேன். அவர் நின்றார்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன் ஜேபி. மூணு வருஷம் அந்த மனுஷன் நம்மாத்துக்கு வந்தார். அவ்வளவு ஜாக்கிரதையான ஆளு. அவரா சொன்னார்னு எனக்கு இன்னமும் டைஜஸ்ட் ஆகலை. நிஜமா சொன்னாரா?"

இதுதான் சொல்வதற்கான நேரம் என்று நீங்கள் நினைக்கலாம். அவர் முகத்தைப் பார்த்தேன். களைத்த முகம்.

"சொன்னார் சார். நான் பக்கத்துல நின்னேன்."

அவர் தலையாட்டினார். "போகட்டும். நான் அவரை மன்னிச்சுட்டேன்னு ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லியிருக்கணும்," என்றார். அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான். தோளைப் பிடித்துக்கொண்டேன். இரக்கத்தினால்தான் அப்படிச் சொன்னேன் என்பதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

மேசனிடம் நான் என்ன சொன்னேன் என்று கேட்கிறீர்கள். ஸ்வர்ணாவுக்குக்கூடத் தெரியாத விஷயம் இது. மேசனே மறந்திருப்பான், நேராக அடித்துப் பழக எல்லாக் கோச்சும் சொல்வதுதான், அவனுக்கு அது சாதாரணப் பயிற்சி. நேராக அடி, பிட்சரின் தலைக்கே அடி என்றேன். அந்த வாரத்தில் அது முதல் தடவையுமில்லை. ஹாலிஸ் இல்லாத வேறு இரண்டு மாலைகளிலும் வலையை நகர்த்தச் செய்திருக்கிறேன். அப்போதெல்லாம் பந்துகள் விலகிப் போயின. கேமராவை மடித்துக்கொண்டு வீட்டுக்குப் போகும்போது ஏமாற்றமாக இருந்தது. மூன்றாம் நாள் பட்டது. க்ரிஷ் மண்டியிட்டபோது எனக்குள் முதலில் வந்தது பயமில்லை, நிம்மதி. கேமராவை நிறுத்திவிட்டுத்தான் அவனிடம் ஓடினேன்.

ஆமாம், நான்தான் செய்தேன். ஹாலிஸ் ஒன்றும் செய்யவில்லை. ஆனால் ஒன்றை நினைத்துப் பாருங்கள். படத்தைக் காட்டிய அன்றே, "நீ சொன்னது சரி" என்று எல்லோர் முன்னிலையிலும் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தப் பையன் இன்று எழுந்து நடப்பான், அவரும் உயிரோடிருப்பார். அவ்வளவு நல்ல மனிதருக்கு, கடைசிவரை அது மட்டும் தோன்றவேயில்லை.