மேசை இழுப்பறையில் இருந்த பூட்டு

தலைமை ஏற்றிருக்கும் நூலகர் அவர்களே, எனக்கு முன்னே அழகாகப் பேசி என் வேலையைக் கடினமாக்கிவிட்ட பேராசிரியர் அவர்களே, அவை நிறைந்த பெரியோர்களே, வேலை முடிந்த கையோடு வீட்டுக்கும் போகாமல் வந்திருக்கும் தாய்மார்களே, தோழர்களே, வணக்கம்.

இன்று மாலை நான்கு மணி நிலவரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். காகித ஆலை விபத்தில் ஃபோர்மேன் தன்மேல் தானே குற்றம் சாட்டி எழுதிய வாக்குமூலம் வந்து சேர்ந்திருக்கிறது. இன்னும் கோப்பில் சேர்க்கப்படவில்லை. தொழிற்சாலை ஆய்வாளர் அலுவலகத் தலைமை எழுத்தர் தொலைபேசியில் உறுதி செய்த செய்தி இது.

கிரேக்க நாடகத்தின் அவல நாயகனைப் பற்றிப் பேசக் கூப்பிட்டால், ஆளு ஆலைக்குள்ளே போயிட்டாரே என்று முன்வரிசையில் ஒரு புருவம் உயர்கிறது. ஐயா, பொறுங்கள். அந்த நாடகங்களில் சாவு பெரும்பாலும் மேடையில் நடக்காது. உள்ளே நடக்கும். தூதன் ஒருவன் வெளியே வந்து நடந்ததைச் சொல்வான். முப்பத்தோரு வருடமாகப் பத்திரிகையில் நான் பார்க்கும் வேலை அதுதான்.

மலைச்சரிவின் கல் இருக்கைகளில் மக்கள் திரண்டு, மன்னன் ஒருவன் மண்ணில் சாய்வதைப் பார்த்தார்கள். அவன் தீயவனா? தீயவன் வீழ்ந்தால் அது தீர்ப்பு. கோழையா? கோழை வீழ்ந்தால் அது செய்தி. ஊர் நம்பிய உத்தமன், தன் உயர்ந்த குணத்தாலேயே உருக்குலைந்து போனால், அதுவல்லவா அவலம்! இன்றைய நாவல்காரர்கள் அவன் கிரீடத்தைக் கழற்றிவிட்டுக் கையில் சாப்பாட்டுப் பையைக் கொடுத்தார்கள். குணத்தை மட்டும் விட்டுவைத்தார்கள்.

இந்த ஃபோர்மேனின் குணம் நேர்மை. கூழ் கலக்கும் தொட்டிக்குள் ஆள் இறங்கினால், முதலில் சுவிட்சில் தன் பூட்டை மாட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ள வேண்டும். ஆளுக்கொரு பூட்டு. அந்த விதியைக் கொண்டுவந்தவரே அவர்தான். ஒருநாள் ஃபிட்டர் ஒருவர் பூட்டைச் சுவிட்சிலேயே மறந்துவிட்டு வீட்டுக்குப் போனார். ஃபோர்மேன் மாற்றுச் சாவியால் அதைக் கழற்றி எடுத்து வைத்துக்கொண்டார். அந்த ஃபிட்டர் யார்? ஃபோர்மேன் மனைவியின் உடன்பிறந்த தம்பி.

“விடுங்க அத்தான், ஒரு தடவைதானே.”

“இங்க அத்தானும் கிடையாது, பொத்தானும் கிடையாது. விளக்கம் எழுதிக் கொடு. நான் கையெழுத்துப் போட்டு ஸ்டோருக்கு அனுப்பினதும் அங்க பூட்டை வாங்கிக்க.”

எல்லாரும் சிரித்தார்கள். தம்பியும் சிரித்தார். எழுதியும் கொடுத்தார்.

ஒன்பதாம் நாள் தொட்டியில் கூழைக் கலக்கும் கத்தி இறுகி நின்றதும், தம்பி பூட்டில்லாமல் இறங்கினார். ‘உள்ளே ஆள்’ என்று எழுதிய அட்டையைச் சுவிட்சில் செருகியிருந்தார். ஈரத்தில் அட்டை நழுவி விழுந்தது. இயக்குபவர் வந்து பார்த்தார், பூட்டு இல்லை. சுவிட்சைப் போட்டார்.

அதற்கு மேல் சொல்ல மாட்டேன். அந்த நாடகாசிரியர்களும் காட்ட மாட்டார்கள்.

ஆலை முற்றத்தில் நின்று ஃபோர்மேன் கேட்டார்: “பூட்டைக் கழட்டினவன் எவன்? என் சொந்த ரத்தமா இருந்தாலும் நானே போலீஸ்ல ஒப்படைப்பேன்.”

ஸ்டோர்காரர் மெல்ல வந்தார். “சார், இத்தோட விட்டுருங்க. தோண்டாதீங்க.”

“யாரைக் காப்பாத்தப் பாக்கறீங்க?”

“உங்களைத்தான் சார். பூட்டு அவன்கிட்ட இல்லவே இல்ல. நீங்க கையெழுத்துப் போட்ட தாள் என்கிட்ட வரவே இல்ல.”

அன்றைக்கே கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டதாகவே ஃபோர்மேன் நினைத்திருந்தார். இழுப்பறையைத் திறந்தார். பூட்டு இருந்தது. அதன் அடியில் தம்பியின் விளக்கம். கையெழுத்து இல்லை.

பண்டை நாயகனுக்கும் இப்படி ஒரு நொடி உண்டு: தேடியவனே தேடப்பட்டவன் என்று தெரியும் நொடி. அதற்குப் பிறகுதான் இரண்டு பேரின் பாதையும் பிரிகிறது.

நிர்வாகம் அறிக்கை எழுதியது: ‘இறந்தவர் பூட்டுப் போடாமல் இறங்கினார். கவனக்குறைவு அவருடையதே.’ வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் ஃபோர்மேனுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. அறிக்கையைப் படித்த மனைவி கேட்டாராம்: “செத்தவன் மேலயே எழுதிட்டாங்க. நீங்க பாத்துட்டு நிப்பீங்களா?”

ஃபோர்மேன் போய் நிர்வாகத்திடம் உண்மையை எழுதிக் கொடுத்தார். மேலாளர் தோளில் கை வைத்தார். “உங்களுக்கு மனசு சரியில்ல. வீட்டுக்குப் போய் நல்லாத் தூங்குங்க.” என்னிடம் ஃபோர்மேன் சொன்னது ஒரே வரி: “நான்தான்னு சொல்றேன், கேக்க ஆளில்ல.” பிறகு அதையே வாக்குமூலமாக எழுதி ஆய்வாளருக்கு அனுப்பினார்.

தோழர்களே, அன்றைய மன்னன் குற்றம் தன்னுடையது என்றபோது நகரமே நடுங்கியது. இன்றைய மனிதன் சொன்னால்? நிர்வாகம் தூங்கச் சொல்கிறது. அன்று நாயகன் வீழ்ந்தான், ஊர் அழுதது. இன்று நாயகன் வீழ்கிறான், கோப்பு மூடப்படுகிறது. வாழ்வைப் பறிக்கலாம், வேலையைப் பறிக்கலாம். ஒருவன் செய்த பிழையையும் அவனிடமிருந்து பறித்து, வாயில்லாத பிணத்தின் தலையில் கட்டலாமா?

கைதட்ட வேண்டாம். இது கைதட்டும் இடமில்லை.

அந்த வாக்குமூலம் ஏற்கப்படுமா, தம்பியின் பெயரிலிருந்து கவனக்குறைவு என்ற சொல் நீங்குமா என்பது இன்னும் தெரியாது. ஆய்வாளரின் உத்தரவு வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு. நாம் போனால் எதுவும் மாறும் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. ஆனாலும் அந்த அலுவலகத் தாழ்வாரத்தில் நாற்பது பேர் நிற்க இடம் இருக்கிறது. நேற்றுப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

இவ்வளவு நேரம் செவி கொடுத்தீர்கள். நன்றி, வணக்கம்.