நாலு இலை மருதாணி

பேயாண்டி: வாங்க மாப்ள. மூணாந்தடவ வாரீக. நான் உங்களுக்குச் செடி வித்தேனா, பொண்ணு குடுத்தேனா?

சிஹாபுதீன்: அந்த மருதாணி வளரல, அண்ணே.

பேயாண்டி: துளிர் விட்டுருச்சுன்னு போன வாரம் சொன்னீகளே.

சிஹாபுதீன்: விட்டுச்சு. நாலு இலை. நகத்தளவு. அதோட நின்னுருச்சு... இப்ப ஓரம் கருகுது.

பேயாண்டி: தண்ணி பத்தல.

சிஹாபுதீன்: தினம் ஒரு குடம் ஊத்துறேன்.

பேயாண்டி: அதான். தண்ணி ஜாஸ்தி.

சிஹாபுதீன்: இப்பத்தானே பத்தலன்னீங்க?

பேயாண்டி: அது... ரெண்டுக்கும் ஒரே மாதிரிதான் கருகும். வெயில் படுதா?

சிஹாபுதீன்: மேல வேப்பமரம் நிழல் கட்டுது.

பேயாண்டி: பெறகென்ன, கெளைய வெட்டி விடுங்க.

சிஹாபுதீன்: வெட்ட முடியாது. பள்ளிவாசல் மரம்.

பேயாண்டி: பள்ளிவாசல் மரம் உங்க வீட்டுக்குள்ள எப்படி வந்துச்சு? சரி, விடுங்க. மண்ணு எப்படி?

சிஹாபுதீன்: இளக்கமா இருக்கு. தோண்டி மூடி ஒரு மாசந்தான் ஆச்சு.

பேயாண்டி: அப்ப செடியத் தொடாம, சுத்தி ஒரு முழம் வெட்டி எருவப் போடுங்க.

சிஹாபுதீன்: அங்க மம்பட்டி படக் கூடாது.

பேயாண்டி: யாரு சொன்னா, வீட்டுலயா? கைக்கு மருதாணி வேணும்னு கேக்கறதும் அவுக, மம்பட்டி படக் கூடாதுங்கறதும் அவுகளா? நல்லா மாட்டிக்கிட்டீக, மாப்ள.

சிஹாபுதீன்: அவ மருதாணி மட்டுந்தான் கேட்டா. வேற எதுவும் கேக்கல.

பேயாண்டி: கோவிச்சுக்காதீக. சும்மா சொன்னேன்.

சிஹாபுதீன்: அண்ணே, வர்ற வெள்ளிக்குள்ள அது பச்சையா நிக்கணும். பி.ஏ. வரைக்கும் படிச்சிருக்கேன்... இந்த நாலு இலை எனக்குப் புரியல. மெல்லத் தூக்கி வேரை மட்டும் பாக்கட்டுமா?

பேயாண்டி: வேணாம்... வேரத் தொடாதீக.

சிஹாபுதீன்: ஏன்?

பேயாண்டி: தொட்டா... செத்துப் போயிரும். தொர பங்களாவுல இருந்து வந்த செடின்னு விக்கறப்பவே சொன்னேன்ல? அதுக்குச் செல்லம் அதிகம்.

சிஹாபுதீன்: அப்ப என்னதான் செய்ய?

பேயாண்டி: நீங்களும் வெட்டக் கூடாது, கொத்தக் கூடாதுங்கறீக... எங்கதான் வச்சிருக்கீக அத?

சிஹாபுதீன்: அவ தலைமாட்டுல.

பேயாண்டி: கட்டிலுக்குப் பக்கத்துலயா? வீட்டுக்குள்ள எப்படி மாப்ள தழைக்கும்?

சிஹாபுதீன்: அவள அடக்கம் பண்ணின கபர்ல, அண்ணே. வெள்ளிக்கிழமை அவளுக்கு நாப்பதாம் நாள். அவ அம்மா வாராங்க. நட்டுட்டேன்னு எழுதிட்டேன்.

பேயாண்டி: தம்பி... தண்ணியும் சரிதான், மண்ணும் சரிதான். அதுக்கு வேரே கெடையாது. உசிலம்பட்டி ரோட்டு வேலியில ஒடிச்சு, தொட்டியில சொருகிக் கொண்டாந்த கொம்பு அது. கொம்புல இருந்த சத்துக்கு நாலு இலை விட்டுருக்கு... எங்க வீட்டுல வேர் விட்டது ஒண்ணு நிக்குது. நாளைக்கே மண்ணோட பேத்துக் கொண்டாரேன். எந்தப் பள்ளிவாசல்னு மட்டும் சொல்லுங்க.