பட்டியலில் முதல் சாமான்

எதுவும் வீணாவதை நான் பொறுக்கமாட்டேன், இன்ஸ்பெக்டர் ஐயா. ஆறிப்போன தேத்தண்ணியைக்கூடச் சுடவைத்துக் குடிக்கிறவன். அந்தக் குணம்தான் என்னை உங்கள் முன்னால் கொண்டுவந்து உட்கார வைத்திருக்கிறது. குடியோ கோபமோ இல்லை.

கினிகத்தேனையில் ரோட்டோரம் சொந்த வீடு கட்டியவன் நான். ஐம்பதாம் வருஷம் இன்சூரன்ஸ் ஏஜண்டு பக்கீர் வந்தார். வீட்டோடு சேர்த்து உள்ளே இருக்கும் விலையுயர்ந்த சாமான்களையும் பட்டியல் போட்டுப் பதியலாம் என்றார். கிராமபோன், வெள்ளிக் குத்துவிளக்கு, பட்டுச்சேலை ஆறு என்று எழுதினோம். எல்லாவற்றுக்கும் மேலே, முதல் சாமானாக, என் மனைவி மீனம்மாவின் தாலிக்கொடி. பத்துப் பவுன்.

"கழுத்துல கெடக்கிறதுக்கும் உண்டா?" என்று கேட்டேன்.

"வீட்டுக்குள்ள இருந்து எரிஞ்சாலும் களவு போனாலும் உண்டு மொதலாளி. போட்டுக்கிட்டு வெளிய போனா நாங்க பொறுப்பில்ல" என்றார் பக்கீர்.

அன்றோடு மீனம்மாவை வெளியே அனுப்புவதை நிறுத்தினேன். றொசல்லையில் அவள் தங்கை கல்யாணத்துக்குக்கூட விடவில்லை. "நான் என்னா ஒங்க அலுமாரியா?" என்று அழுதாள். எனக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. பத்திரத்தில் அப்படி எழுதியிருந்தால் நான் என்ன செய்ய?

ஏழு வருஷம் தவணை தவறாமல் கட்டினேன். கிராமபோன் கரகரத்தது, சேலைகள் சாயம் போயின. பட்டியலில் மட்டும் எல்லாம் புதுசாகவே இருந்தன. ஒரு திருடன்கூட எட்டிப் பார்க்கவில்லை. கட்டிய காசெல்லாம் வீணாகிறதே என்று வயிறு எரிந்தது. வீட்டைக் கொளுத்துவதென்று முடிவு செய்தேன்.

தாலிக்கொடிதான் இடைஞ்சல். மெருகு போடக் கழற்றிக் கொடு என்றேன்.

"நல்லாருக்கே. நீங்க உசுரோட இருக்கையில நான் எதுக்குங்க கழட்டணும்?" என்றாள்.

அவள் மனசைப் புண்படுத்த எனக்கு விருப்பமில்லை. ஆனால் தீயைப் பார்த்து அவள் வெளியே ஓடிவந்தால் முதல் சாமானும் கூடவே வந்துவிடும். ஆகவே அவளையும் உள்ளே வைக்க வேண்டியதாயிற்று.

போன வெள்ளிக்கிழமை பகல் சாப்பாடு முடிந்து படுத்திருந்தாள். வெளியே நல்ல பனிமூட்டம், புகை தெரியாது. மண்ணெண்ணெயைத் தெளித்தேன். அறைக் கதவை வெளியே கொண்டி போட்டேன். பட்டியலை மறக்காமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

சற்று நேரத்தில் கதவைத் தட்டினாள். "என்னாங்க, கதவு மாட்டிக்கிச்சுங்க. நீங்க நிக்காதீங்க, ஓடிருங்க."

அவள் சொன்னபடியே செய்தேன்.

மறுநாள் சாம்பலில், நான் போட்டபடியே கிடந்த கொண்டியை நீங்கள் எடுத்தீர்கள். பக்கீர் தாலிக்கொடியை எடுத்தார். "தங்கம் எரியாது மொதலாளி. சாமான் கெடச்சிருச்சு, இதுக்குப் பணம் வராது" என்று என் கையிலேயே வைத்தார்.

மீனம்மாவுக்கென்று ஒரு சதம்கூட நான் கேட்கவில்லை என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். அவள் பட்டியலில் இல்லை.

கொன்றது நான்தான், ஐயா. ஆனால் தங்கம் எரியாது என்று அந்த மனிதர் ஆரம்பத்திலேயே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கதவைத் திறந்தே வைத்திருப்பேன். குற்றம் பக்கீருடையது.