மாடவீதியில் நான் மறந்த நிமிடங்கள்

அவைக்கு அழகும் அமைதியும் சேர்த்து அமர்ந்திருக்கும் தலைவர், குடியிருப்போர் சங்கத்தின் பெருமதிப்பிற்குரிய ராஜகோபாலன் ஐயா அவர்களே! பொன்னாடையோடு பாசத்தையும் சேர்த்துப் போர்த்திய வணிகர் சங்கத்துச் சுயம்புலிங்கம் அண்ணாச்சி அவர்களே! வெயிலைப் பொருட்படுத்தாமல் வந்திருக்கும் பெரியோர்களே! வியாபாரத்தைப் பாதியில் விட்டுவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே! மயிலை மாடவீதியின் மக்களே! தலைமைக் காவலர் சுரேஷ்குமாரின் தலைதாழ்ந்த வணக்கம்.

எங்கள் நிலையத்தில் எனக்குப் 'பட்டிமன்ற ஏட்டு' என்று பெயர். மைக்கைக் கண்டால் விடமாட்டேன். ஆனால் இன்று மைக்கைப் பிடிக்கவே தயங்குகிறேன். ஏன் தெரியுமா? அண்ணாச்சி என்னைச் சிங்கம் என்றார். ஐயா அவர்கள் அஞ்சாநெஞ்சன் என்றார். நீங்கள் கைதட்டினீர்கள். தட்டிய கைகளை வணங்குகிறேன். ஆனால் எந்தச் சுரேஷ்குமாருக்குத் தட்டினீர்கள்? அந்த ஆளை எனக்கே தெரியாதே!

சிரிக்காதீர்கள் அம்மா, விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

மார்ச் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினோரு மணி. தெற்கு மாடவீதியில் வண்டியை நிறுத்தினேன். தேநீர் வாங்கினேன். முதல் மடக்கு நாக்கைச் சுட்டது. அதுவரை நினைவிருக்கிறது. அடுத்து நினைவிருப்பது, மருத்துவமனைக் கட்டிலுக்கு மேலே சுற்றிய மின்விசிறி.

நடுவில் நடந்ததை ஊரார் சொல்லித்தான் அறிந்தேன். தியாகராய நகர்த் துணிக்கடையில் வேலை பார்க்கும் கீர்த்தி, விடுமுறை நாளில் கோயிலுக்கு வந்திருக்கிறார். வேண்டாம் என்று அவர் சொல்லியும் ஒரு வருடமாகப் பின்தொடர்ந்த ஒருவன், பட்டாக்கத்தியோடு வந்திருக்கிறான். வழக்கு இருக்கிறது, பெயர் சொல்ல மாட்டேன். அவன் ஓங்கியிருக்கிறான். நடுவில் என் இடக்கை போயிருக்கிறது. விழுந்த வேகத்தில் தலை நடைபாதைக் கல்லில் மோதியிருக்கிறது. கத்தியைப் போட்டுவிட்டு அவன் ஓடிவிட்டான். எனக்கு முப்பத்தொரு தையல். இந்த இரண்டு விரல்கள் இன்றுவரை மடங்கவில்லை.

சரி, நான் எப்படிப் போனேன்? அதைத்தான் மூன்று மாதமாகத் தேடுகிறேன். தேநீர்க்கடைக்காரர், "புலி மாதிரி பாய்ஞ்சீங்க சார்" என்கிறார். மருந்துக்கடைக்காரர், "ஹெல்மெட்டைத் தூக்கி எறிஞ்சீங்களே!" என்கிறார். என் ஹெல்மெட் வண்டியிலேயே தொங்கிக்கொண்டிருந்தது! பூக்கார அக்கா சண்முகவடிவு, "வேணாம்டா தம்பின்னு அவனைக் கெஞ்சினீங்க" என்கிறார். பாய்ந்தவன் நானா? எறிந்தவன் நானா? கெஞ்சியவன் நானா? கீர்த்தியையே கேட்டேன். "தெரியல அண்ணா, நான் கண்ணை மூடிட்டேன்" என்றார். தெருமுனைக் கேமராவில் பார்க்கலாம் என்றால், அதன் முகத்தை மறைத்து ஒரு ஃபிளெக்ஸ் பேனர் சிரிக்கிறது.

நான் உங்களிடம் ஒளிக்க மாட்டேன். அதிகாரி ஒருவர் வாக்குமூலம் ஒன்றை எழுதிக்கொண்டு வந்தார். 'எதிரியைக் கண்டேன், அடையாளம் கண்டேன், அஞ்சாமல் தடுத்தேன்.' அழகான தமிழ்! நானே எழுதியிருந்தாலும் அவ்வளவு அழகாக வந்திருக்காது. "கையெழுத்துப் போடுப்பா, உனக்கும் நல்லது, கேஸுக்கும் நல்லது" என்றார். பேனாவை வாங்கினேன். கையெழுத்துப் போட்டால் பொய். போடாவிட்டால் அந்தப் பெண்ணின் வழக்கு தொங்கும். எது நியாயம்? அன்றும் புரியவில்லை, இன்றும் முழுதாகப் புரியவில்லை. என் மனைவி, "உயிரோட வந்துட்டீங்க, போதும்ங்க. அப்புறம் என்ன யோசனை?" என்று அழுதாள். கடைசியில் 'நினைவில்லை' என்று எழுதிக் கொடுத்தேன்.

விளைவு என்ன? மூன்றாம் நாள் பிடிபட்டவன், "நான் வீட்டில் இருந்தேன்" என்கிறான். கத்தியில் தெளிவான ரேகை இல்லை, அவன்தான் என்று சொல்ல கீர்த்தியைத் தவிர வேறு சாட்சியும் இல்லை. ஜாமீனில் வெளியே இருக்கிறான். கீர்த்தி வேலையை விட்டுவிட்டார். ஜன்னலைக்கூடத் திறப்பதில்லை என்று அவர் அம்மா சொல்கிறார்.

மாடவீதி மக்களே! அன்று அங்கே காய் வாங்கியவர்கள் எத்தனை பேர்? கடை திறந்திருந்தவர்கள் எத்தனை பேர்? என்னைத் தூக்கி ஆட்டோவில் ஏற்றியவர்கள் எத்தனை பேர்? கைதட்ட வந்த நீங்கள், கண்டதைச் சொல்ல நிலையத்துக்கு வந்தீர்களா? என் நினைவு கல்லில் மோதி உடைந்தது. உங்கள் நினைவுக்கு என்ன ஆயிற்று?

யார் அங்கே எழுந்து நிற்பது? ஆட்டோ பாலுவா? சொல்லுங்கள் பாலு, பயப்படாமல் சொல்லுங்கள்.

பின்வரிசைக்குக் கேட்கவில்லையாம். பாலு சொன்னதை நானே சொல்கிறேன். "ஏட்டையா, நான் பாத்தேன். அவன் மூஞ்சியும் நல்லாத் தெரியும். ஆனா உண்மையச் சொல்லணும்னா, நீங்க மொதல்ல என் ஆட்டோ பின்னாடி வந்து ஒளிஞ்சிகினீங்க. அதையும் சொல்லணுமா? அதுக்குத்தான் இத்தினி நாள் வாயத் தொறக்கல."

ஒரு நிமிடம் பொறுங்கள்.

ஒளிந்தேனா? நானா? அண்ணாச்சி, பொன்னாடையைச் சற்றுப் பிடியுங்கள், வியர்க்கிறது.

அப்புறம் என்ன செய்தேன் பாலு? "எந்திரிச்சிப் போனீங்க." ஏன் போனேன்? "அது எனக்கு இன்னா சார் தெரியும்? நானும் அதான் யோசிச்சிகினு கீறேன்."

அவருக்கும் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. ஒளிந்தவனும் நான், எழுந்தவனும் நான் என்றால், இருவரில் யாருக்கு அந்தப் பொன்னாடை? வெட்கமாகவும் இருக்கிறது, என்னவோ, மூச்சு சீராக வருவது போலவும் இருக்கிறது. உட்காராதீர்கள் பாலு, ஒன்று சொல்கிறேன். நிலையத்தில் அப்படியே போய்ச் சொல்லுங்கள்! ஏட்டு ஒளிந்தார் என்று சொல்லுங்கள்! எந்த ஆட்டோ, எந்தப் பக்கம், எவ்வளவு நேரம், எல்லாம் சொல்லுங்கள்! என் பெயர் போனால் போகட்டும். அவன் முகத்தைச் சொல்லுங்கள்! அந்தப் பெண் தெருவில் நடக்கட்டும்!

என்ன பூக்கார அக்கா, நீங்களும் எழுந்துவிட்டீர்களா? மருந்துக்கடைக்காரரே, நீங்களுமா? ஹெல்மெட்டை மட்டும் விட்டுவிடுங்கள்!

நாளைக் காலை பத்து மணிக்கு உங்களுக்காக நிலைய வாசலில் நிற்பேன். பொறுமையாகக் கேட்ட தலைவருக்கும், எழுந்து நின்ற மூவருக்கும், இன்னும் உட்கார்ந்தே யோசிப்பவர்களுக்கும் என் நன்றி. வருகிறேன், வணக்கம்.