தானாக நிரம்பும் தொட்டி

– ஜனெல், வந்தியா இல்லையா? மீன் தொட்டிகிட்ட போய் நில்லுன்னு காலையில கூப்பிட்டுச் சொன்னேன். படுக்கையறையிலேருந்து ஹாலுக்கு வர ஒன்றரை மணி நேரமா?

– வழியெல்லாம் ரோட்ட வெட்டிப் போட்டிருக்கான், வெய்ன்.

– பெரிய ஜோக்கு. இங்க சுரங்கத்துல நான் சோத்து நேரத்துல லாரிய ஓரங்கட்டிட்டுப் பேசறேன், அங்க உனக்கு நக்கல். ஃபோன ஸ்பீக்கர்ல போட்டுக் கீழ வை. ரெண்டு கையும் வேணும்.

– வச்சாச்சு. உத்தரவு போடுங்க, எஞ்சினியர் துரை.

– விளையாடாத. என் செல்லுல எச்சரிக்கை மணி அடிச்சிக்கிட்டே இருக்கு. தொட்டியில தண்ணி இறங்குது. வத்தற தண்ணியத் தானா ரொப்பத்தானே மிஷின் மாட்டி வச்சிருக்கேன்? ரெண்டு வருஷமா கோடு போட்ட மாதிரி நின்ன தண்ணி, புதன்கிழமையிலேருந்து சரசரன்னு கீழ போகுது. செல்லுல வர்ற வரைபடத்துல அப்படியே தெரியுது. புதன்கிழமை நீ என்ன பண்ணின?

– அன்னைக்கு நான் எதையும் தொடல.

– தொட்டிருப்ப. உன் கை படாம இந்த வீட்டுல எது கெட்டிருக்கு? டோஸ்டர் யாரு கெடுத்தா?

– டோஸ்டரா? அது எங்கம்மா காலத்து டோஸ்டர். விடு. இப்ப என்ன பண்ணணும்?

– முதல்ல க்ளாடிஸ் எப்படி இருக்கான்னு பாரு.

– கீழ பாறைக்குப் பின்னால இருக்கா. மேல இருந்த பவளம் பாதி தண்ணிக்கு வெளிய நிக்குது.

– ஐயோ! கடல் மீன் தொட்டி இது, தண்ணி வத்தும், உப்பு வத்தாது. உப்பு ஏறினா க்ளாடிஸ் செத்துருவா. பதினாறு வயசு மீன் அது. எனக்கு உன்னைவிடப் பழக்கம்.

– தெரியும். அவ பொறந்தநாளு மட்டும் உனக்கு மறக்கறதே இல்ல.

– பின்பக்கம் கறுப்பா கட்டைவிரல் சைசுல ஒண்ணு ஒட்டியிருக்கும். அதுதான் சென்சார். தண்ணி எங்க நிக்குதுன்னு பாக்கற கண்ணு. அதுமேல நத்தை ஏறி உக்காந்திருக்கும், பாரு.

– நத்தை எதுவும் இல்ல. எல்லாம் கண்ணாடியில ஒட்டிக்கிட்டுப் பாசியத் தின்னுது. இந்த வீட்டுல உன்னைவிட அதுங்க பரவாயில்ல.

– வாய மூடிட்டுத் துடை. ஈரத்துணியால. காஞ்ச துணி இல்ல, ஈரத்துணி. ஈரம்னா என்னன்னு தெரியுமில்ல?

– துடைச்சிட்டேன். பளபளன்னு இருக்கு. அடுத்து?

– யாரோ மூச்சு வாங்கற மாதிரி கேக்குதே, நீதானா?

– நான்தான். வீடு அடுப்பு மாதிரி இருக்கு. ஏசி இப்பத்தான் போட்டேன்.

– டிசம்பர் மாசக் கோடை வெயில்ல ஏசி போடாமலா இருந்த? அறிவு இருக்கா? வீடு சூடானா தண்ணி இன்னும் வேகமா வத்தும். இதெல்லாம் ஒரு ஆளுக்குச் சொல்லித் தரணுமா? சரி, சென்சார் பக்கத்துல மிதவை இருக்கும். சின்னப் பந்து மாதிரி. அத விரலால கீழ அழுத்து.

– அழுத்தறேன்.

– மோட்டார் ஓடுதா?

– ஓடுது. கொர்ருன்னு காத்த இழுக்கற மாதிரி கத்துது.

– தண்ணி வருதா?

– இல்ல.

– அப்ப குழாய் அடைச்சிருக்கு. கழட்டி ஊது. பலமா ஊதணும். உனக்கு ஊத வருமா?

– என் நாப்பதாவது பொறந்தநாளைக்கு மெழுகுவத்தி நாப்பதையும் ஒரே மூச்சுல ஊதினேன். பாக்கத்தான் நீ இல்ல.

– ஆரம்பிச்சிட்டா. ஷிஃப்ட் மாத்த முடியலன்னு எத்தனை தடவ சொல்றது?

– க்ளாடிஸுக்குக் காய்ச்சல் வந்தப்ப மட்டும் முடிஞ்சுதே.

– அது காய்ச்சல் இல்ல, வெள்ளைப் புள்ளி நோய். ஊதினியா?

– ஊதிட்டேன். ஒரு அடைப்பும் இல்ல.

– சரியா ஊதல நீ. இங்க பாரு, பக்கத்து லாரி மைக்கி சிரிக்கறான். ‘பொண்டாட்டிய வச்சு மிஷின் ரிப்பேர் பண்றதுக்குப் பதிலா மிஷினத் தூக்கிப் போட்டுரு’ங்கறான்.

– மைக்கி வீட்டுல இப்ப எத்தனையாவது பொண்டாட்டின்னு கேளு.

– அவன விடு. கீழ்க் கதவத் தொற. உள்ள வெள்ளையா ஒரு டப்பா இருக்கும். அதுலேருந்துதான் மோட்டார் தண்ணி எடுக்குது. உள்ள கைய விடு.

– விட்டாச்சு. காஞ்சு கெடக்கு.

– காயாது.

– கை உள்ளதான் இருக்கு, வெய்ன். சொட்டுத் தண்ணி கிடையாது.

– காய முடியாதுன்னு சொல்றேன்ல! அது தானா நிறையும். துணி துவைக்கற ரூம் சுவத்துல ஆர்.ஓ. வடிகட்டி மாட்டியிருக்கேன். அதுலேருந்து டப்பாவுக்குக் குழாய் போட்டிருக்கேன். ஒரு சனிக்கிழமை பூரா சுவத்தத் தொளைச்சேனே, மறந்துட்டியா?

– எப்படி மறக்கும்? தூசி தட்டினது நான்தானே.

– அப்ப போய் அந்த வடிகட்டியப் பாரு. புதன்கிழமை அதோட வால்வ மூடியிருப்ப நீ. இப்பப் புரியுது. கழுதை மாதிரி எதையோ திருகியிருக்க.

– பாக்க வேண்டியதில்ல. அது ரெண்டு வருஷமா ஓடல.

– என்ன ஓடல?

– உன் வடிகட்டி. உப்புப் பூத்து அடைச்சிப்போச்சு. இப்ப அதுல சிலந்தி கூடு கட்டியிருக்கு.

– பொய். ஓடலன்னா என்கிட்ட ஏன் சொல்லல?

– சொன்னேன். நீ டி.வி.யில ஃபுட்டி மேட்ச் பாத்துக்கிட்டிருந்த. ‘நான் மாட்டினது கெடாது, உனக்குக் குழாயத் திறக்கத் தெரியல’ன்ன. இன்னொரு தடவையும் சொன்னேன். அப்ப உன் மைக்கியும் பக்கத்துல உக்காந்திருந்தான். ரெண்டு பேரும் சேர்ந்து சிரிச்சீங்க.

– நிறுத்து. கணக்கு உதைக்குது. வடிகட்டி ஓடலன்னா ரெண்டு வருஷமா தண்ணி எங்கேருந்து வந்துச்சு? வானத்துலேருந்தா?

– மீன் கடையிலேருந்து. கேன்ல. கார் டிக்கியில ஏத்தி, இறக்கி, முட்டி போட்டு அந்த டப்பாவுல ஊத்தினேன்.

– யாரு, நீயா?

– இல்ல, க்ளாடிஸ் எந்திரிச்சுப் போய் வாங்கிட்டு வந்தா.

– நான் லீவுல வீட்டுக்கு வர்ற வாரத்துலகூடவா? நான் பாக்கவே இல்லையே.

– நீ கண்ணாடி முன்னால சோபாவப் போட்டு உக்காருவ. வர்றவன் போறவன்கிட்டயெல்லாம் ‘நம்ம வீட்டுல எல்லாம் ஆட்டோமேட்டிக்’னு பீத்திக்குவ. அந்தக் கீழ்க் கதவ ஒரு நாளாவது தொறந்தியா நீ? எனக்கு வெக்கமா இருக்கும், வெய்ன். உனக்காக இல்ல. அத நம்பி ஒருத்தன் தலையாட்டிக்கிட்டு நிப்பான் பாரு, அவனுக்காக.

– சரி, சரி. நாலு கேன் தண்ணி தூக்கினதுக்கு இவ்ளோ பாட்டா? யாரு தூக்கச் சொன்னா?

– யாரும் சொல்லல. மீனு என்ன பாவம் பண்ணுச்சு?

– இப்ப கேன் இருக்கா?

– கொண்டு வந்திருக்கேன். பேசிக்கிட்டே ஊத்திக்கிட்டுத்தான் இருக்கேன், சத்தம் கேக்கல? மெதுவா ஏத்துது மோட்டார். க்ளாடிஸ் வெளிய வந்து பாக்கறா.

– அப்பாடா! பாத்தியா, மிஷின்ல ஒரு கோளாறும் இல்ல. நான் மாட்டினது கெடாதுன்னு சொன்னேன்ல.

– சொன்ன.

– கோளாறெல்லாம் உன்கிட்டதான். தினம் ராத்திரி கூப்பிட்டுத் தொட்டி எப்படி இருக்குன்னு கேக்கறேன். ‘எனக்குத் தெரியாது’ங்கற. கண்ணு முன்னால இருக்கற தொட்டியப் பத்தித் தெரியாதா? நாய்கூட குலைக்கக் காணோம், அதுக்காவது சோறு வச்சியா?

– நாய் ரோண்டா வீட்டுல நல்லா சாப்பிட்டுக்கிட்டிருக்கு. டப்பா நிறைஞ்சாச்சு. ஞாயித்துக்கிழமை வரைக்கும் தாங்கும். அதுக்கப்புறம் மைக்கிய அனுப்பு, இல்ல நீயே வா. வீட்டுச் சாவி தொட்டி மூடிமேல இருக்கு.

– உன் அக்கா வீட்டுல நாய்க்கு என்ன வேலை? எதுக்குச் சாவிய அங்க வைக்கற? ஒண்ணு கேட்டா ஒண்ணு சொல்றது. ரெண்டு வருஷம் ஊத்தினவ இப்ப ஏன் ஊத்தல? அத முதல்ல சொல்லு. புதன்கிழமை என்னதான் பண்ணின நீ?

– புதன்கிழமை நான் இந்த வீட்ட விட்டுப் போயிட்டேன், வெய்ன். உன் தொட்டிக்கு அன்னைக்கே தெரிஞ்சிடுச்சு.