உறைக்குள் ஓர் 'இல்லை'

எதுவும் திறந்து கிடந்தால் எனக்குப் பிடிக்காது, ஐயா. வீட்டில் சர்க்கரை டப்பா திறந்திருந்தால்கூட எழுந்து போய் மூடிவிட்டுத்தான் மறுவேலை.

நிரல் எழுதுவதிலும் அப்படித்தான். பிஸ்கட் ஆலையில் மாவு பிசையும் இயந்திரத்துக்கு ஸ்கிரிப்ட் எழுதியது நான். எண்ணோ எழுத்தோ, ஆமோ இல்லையோ, எந்த மதிப்பையும் வெறுமனே விடமாட்டேன். ஒவ்வொன்றையும் 'ஆப்ஜெக்ட்' என்கிற ஓர் உறைக்குள் போட்டுவைப்பேன். எட்டு வருடமாக அதுதான் என் முறை.

அதில் ஒரு சிக்கல் உண்டு. இயந்திரத்தின் மூடி திறந்திருக்கும்போது, சாத்தியிருக்கிறதா என்று கேட்டால் சென்சார் 'இல்லை' என்கிறது. அந்த 'இல்லை'யை உறையில் போட்டுச் சோதித்தால், நிரல்மொழி பிரித்துப் பார்க்காது. உறை என்று ஒன்று இருக்கிறதே, 'ஆம்' என்று எடுத்துக்கொள்ளும். பிரித்துப் பார் என்று நாம்தான் எழுத வேண்டும். ஓரிடத்தில் விட்டுவிட்டேன்.

கண்டுபிடித்தவன் என் மனைவியின் தம்பி. அங்கே வேலை வாங்கிக் கொடுத்ததே நான்தான். மேலாளர் முன்னால், கூட்டத்தில் சொன்னான்.

"மாமா, மூடி திறந்திருக்கும்போதே ஓடுது. இந்த உறையெல்லாம் நமக்கு எதுக்கு? தூக்கிடலாமே."

எல்லோரும் சிரித்தார்கள். வெள்ளிக்கிழமை ஒரே மத்தியானத்தில் எல்லா உறையையும் தூக்கி, என் எட்டு வருடத்தைப் பிய்த்தெறிந்தான்.

திங்கட்கிழமை காலை சோதனை ஓட்டம். நான் சீக்கிரமே போய் ஒரே ஓர் உறையை மட்டும் திரும்பப் போட்டேன். மூடிக்கான உறை.

"மாமா, நீங்க எதுவும் மாத்தலயே?"

"நான் எதுக்குப்பா மாத்தப்போறேன்?"

மூடியைத் திறந்துவைத்தான். ஓடாது என்று மேலாளருக்குக் காட்ட, கையை உள்ளே விட்டான். வெள்ளிக்கிழமையும் அப்படித்தான் காட்டியிருந்தான்.

"ஸ்டார்ட்டை அழுத்துங்க மாமா."

அழுத்தினேன். இயந்திரம் அவனைத் தோள்வரை உள்ளே இழுத்தது. நிறுத்தும் பொத்தான் என் பக்கத்திலேயே இருந்தது. மேலாளர்தான் ஓடி வந்து அதை அழுத்தினார். ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே அவன் உயிர் போய்விட்டது.

நேற்று மனைவி வந்து கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றாள். "தெரியாமத்தானே செஞ்சீங்க? ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும்."

"தெரிஞ்சுதான்" என்றேன். அவளிடம் நான் பொய் சொன்னதில்லை.

வாக்குமூலத்தைக் கொடுங்கள் ஐயா, கையெழுத்துப் போடுகிறேன். மூன்றாவது வரியில் மட்டும் 'நிரலில் இருந்த பிழையால்' என்று எழுதியிருக்கிறீர்கள். அதை அடித்துவிடுங்கள். என் நிரலில் பிழை இல்லை.